வெக்கை நோயை ஒழித்த மாட்டு வைத்தியர்

பொங்கல் விழா மேடையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "பெரியவனானதும் என்னவாகப் போகிறாய்?" என்று கேட்பது எல்லாத் தமிழ்ச் சங்கங்களிலும் உள்ள வழக்கம்தான். டாக்டர், எஞ்சினியர், மறுபடியும் டாக்டர் என்று பதில் வரும். எப்போதாவது ஒரு குழந்தை "மிருக டாக்டர்" என்று சொல்லிவிட்டால் அரங்கத்தில் ஒரு சிரிப்பலை எழும். பெற்றோர் முகத்தில் லேசான அசடு வழியும். "மாட்டு வைத்தியன்" என்பது நம் ஊரில் கைராசியில்லாத டாக்டரைக் கேலி செய்யும் சொல்லாகவே ஆகிவிட்டது.

நமது மருத்துவப் பக்கத்தில் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், முழங்கால் வலி என்று எழுதி வருகிறோம். இந்த முறை ஒரு மாட்டு வைத்தியரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அவர் பெயர் வால்டர் ப்ளோரைட். மனித வரலாற்றில் இரண்டே இரண்டு நோய்கள்தான் உலகிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று பெரியம்மை. 1980-இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று எது என்று கேட்டால் படித்தவர்களும் போலியோ என்றுதான் சொல்வார்கள். போலியோ இன்னும் ஒழியவில்லை. இரண்டாவதாக ஒழிந்தது, நம் ஊரில் வெக்கை நோய் என்று அழைக்கப்பட்ட மாட்டு நோய். அதை ஒழித்த தடுப்பூசியை உருவாக்கியவர்தான் ப்ளோரைட்.

வெக்கை என்பது எது?

கோமாரி வேறு, வெக்கை வேறு. கோமாரியில் வாயிலும் குளம்பிலும் புண் வரும், மாடு மெலியும், பால் வற்றும்; ஆனால் பெரிய மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வெக்கை அப்படியல்ல. முதலில் கடும் காய்ச்சல். பிறகு கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாய்க்குள் தோல் உரிந்து புண்ணாகும். அதன்பின் நிற்காத கழிச்சல். நீர்வற்றி, ஒரு வாரம் பத்து நாளில் மாடு விழுந்துவிடும். முன்பு இந்த நோயைக் கண்டிராத மந்தையில் நுழைந்தால் பத்தில் எட்டு ஒன்பது மாடுகளைக் கொண்டுபோய்விடும்.

மாடுதானே என்று நினைத்துவிடக் கூடாது. உழவும் மாடு, வண்டியும் மாடு, பாலும் மாடு, எரு மாடு, அவசரத்துக்கு விற்கும் சொத்தும் மாடு என்றிருந்த காலத்தில் மந்தை அழிந்தால் அடுத்து அழிவது மனிதர்கள்தான். 1880-களின் இறுதியில் இந்த நோய் கப்பலில் வந்த மாடுகள் வழியாக எரித்திரியாப் பக்கம் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. பத்தாண்டுக்குள் கண்டத்தின் தென்முனை வரை போய்விட்டது. எத்தியோப்பியாவில் உழுவதற்கு எருதுகள் இல்லாமல் 1888 முதல் 1892 வரை பஞ்சம். அந்நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மடிந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

ஐரோப்பாவும் தப்பவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே மீண்டும் மீண்டும் மந்தைகள் அழிந்தன. அந்தப் பயத்தில்தான் 1761-இல் பிரான்சின் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியைத் தொடங்க அனுமதி கொடுத்தார்கள். ஆக, "மிருக டாக்டர்" என்ற படிப்பே இந்த நோயின் குழந்தை என்று சொல்லலாம். 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கியபோது நோயையும் இறக்கிவிட்டன. அந்தக் கலவரத்தின் விளைவாக 1924-இல் உலகக் கால்நடை நோய்த் தடுப்பு அமைப்பு பாரிசில் உருவானது. உலக சுகாதார நிறுவனம் பிறப்பதற்கு 24 ஆண்டுகள் முன்பே மாடுகளுக்கென ஓர் உலக அமைப்பு இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

முக்தேசர் மலையும் ஆட்டு ஊசியும்

இந்தியாவில் இந்த நோயை ஆராய்வதற்காகவே வெள்ளைக்கார அரசு 1889-இல் பூனாவில் ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியது. ஊர் மாடுகளுக்கு நோய் பரவிவிடக் கூடாது என்று நான்கு ஆண்டுகளில் அதை குமாவோன் மலையில் உள்ள முக்தேசருக்கு மாற்றினார்கள். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் 1897-இல் அங்கே வந்து போயிருக்கிறார். இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் தாய்வீடு அதுதான்.

ஆரம்பத்தில் சீரம் வைத்தியம். நோயிலிருந்து பிழைத்த மாட்டின் இரத்தத்திலிருந்து சீரம் எடுத்து மற்ற மாடுகளுக்குப் போட்டார்கள். சில வாரங்கள் தாங்கும். நோயுள்ள இரத்தத்தையும் சீரத்தையும் ஒன்றாகப் போடுவது இன்னொரு முறை. எதிர்ப்புச் சக்தி நீடித்தது. ஆனால் இரத்தத்தோடு வேறு நோய்களும் கூடவே போய்ச் சேர்ந்தன. 1920-களில் முக்தேசரில் ஜே.டி. எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர் வெக்கைக் கிருமியை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு நூற்றுக்கணக்கான முறை மாற்றி மாற்றிச் செலுத்தினார். ஆட்டுக்குப் பழகப் பழக அந்தக் கிருமி மாட்டைக் கொல்லும் திறனை இழந்தது. ஆட்டு மண்ணீரலிலிருந்து தயாரித்த அந்த ஊசிதான் இந்தியாவில் பல்லாண்டு காலம் கோடிக்கணக்கான மாடுகளுக்குப் போடப்பட்டது.

தமிழ்நாட்டில் 1932-இல் ராணிப்பேட்டையில் சீரம் நிலையம் தொடங்கினார்கள். இன்று அது கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம். (கோழிகளுக்கு வரும் ராணிக்கெட் நோய்க்கும் இந்த ராணிப்பேட்டைக்கும் சம்பந்தமில்லை. அது வடக்கே குமாவோன் மலையில் உள்ள ராணிக்கேத் என்ற ஊரின் பெயர். ராணிக்கெட் தடுப்பூசி ராணிப்பேட்டையிலேயே தயாரானதால் நம்மவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.)

ஆட்டு ஊசியில் ஒரு குறை இருந்தது. நாட்டு மாடுகள் ஓரளவு தாங்கின. எருமைகளும், உயர்ரக மாடுகளும், சினை மாடுகளும் ஊசிக்குப் பிறகு கடும் காய்ச்சலில் விழுந்தன. சில செத்தும் போயின. நோய்க்குப் போடும் ஊசியாலேயே மாடு சாகிறது என்ற பேச்சு ஓர் ஊரில் பரவிவிட்டால் அப்புறம் அந்த ஊருக்குள் ஊசிக்காரர் நுழைய முடியுமா? தயாரிப்பிலும் தொல்லை. ஒவ்வோர் ஆடும் ஒவ்வொரு விதம். ஒரு ஆட்டில் கிருமி நிறைய இருக்கும், இன்னொன்றில் குறைவாக இருக்கும். இன்று எடுத்த மருந்தும் நாளை எடுக்கும் மருந்தும் ஒன்றாக இருக்காது.

முகுகாவில் ஒரு கண்ணாடிக் குடுவை

ப்ளோரைட் 1923-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் பிறந்தவர். லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1944-இல் படித்து முடித்து, இராணுவக் கால்நடைப் பிரிவில் சேர்ந்தார். அதன் வழியாகத்தான் முதன்முதலாக ஆப்பிரிக்காவைப் பார்த்தார். அந்தக் கண்டம் அவரைப் பிடித்துக்கொண்டுவிட்டது. 1950-இல் காலனி கால்நடைப் பணியில் சேர்ந்து திரும்பவும் போனார். இடையில் சில ஆண்டுகள் நைஜீரியாவின் வோம் ஆய்வு நிலையம். 1956-இல் கென்யாவில் நைரோபிக்கு அருகே முகுகாவில் இருந்த கிழக்கு ஆப்பிரிக்கக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தார்.

அப்போது மனித மருத்துவத்தில் ஒரு பெரிய கதவு திறந்திருந்தது. 1954-இல் அமெரிக்காவில் எண்டர்ஸ், பீபிள்ஸ் என்ற இருவர் தட்டம்மைக் கிருமியை உயிருள்ள விலங்குக்குள் அல்லாமல், கண்ணாடிக் குழாயில் வளர்த்த செல்களில் வளர்த்துக் காட்டினார்கள். தட்டம்மைக் கிருமியும் வெக்கைக் கிருமியும் நெருங்கிய உறவு. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? முகுகாவில் ப்ளோரைட்டும் அவருடைய உதவியாளர் ஃபெரிஸும் அதில் இறங்கினார்கள்.

அவர்கள் செய்த வேலையை நம் சமையலறை மொழியில் சொல்கிறேன். கன்றின் சிறுநீரகத்தை எடுத்துப் பொடியாக நறுக்கி, டிரிப்சின் என்னும் செரிமான நொதியில் ஊற வைத்தால் செல்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து நீரில் மிதக்கும். அவற்றைச் சத்துநீரில் கலந்து குடுவையில் ஊற்றி உடல் சூட்டில் வைத்தால் சில நாட்களில் குடுவையின் அடியில், கல்லில் பரவிய தோசை மாவு போல, செல்கள் ஒரே ஒரு மெல்லிய படலமாகப் படியும். அதன்மேல் வெக்கைக் கிருமியை விடுவார்கள். கிருமி பெருகப் பெருகப் படலத்தில் ஓட்டைகள் விழும். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூதாகாரமாக வீங்கும். அந்த நீரில் துளி எடுத்து அடுத்த குடுவைக்கு மாற்ற வேண்டும். அங்கே வளர்ந்ததும் அதற்கடுத்த குடுவைக்கு. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதே கதைதான்.

அவர்கள் எடுத்துக்கொண்டது, 1910 வாக்கில் கென்யாவின் கபெட்டேயில் மாட்டிலிருந்து பிரித்தெடுத்து வைத்திருந்த கொடிய ரகக் கிருமி. அதைக் குடுவையிலிருந்து குடுவைக்கு மாற்றிக்கொண்டே போனார்கள். பத்து முறை, இருபது முறை, நாற்பது முறை. இடையிடையே அதை மாட்டுக்குச் செலுத்திப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் மாடு செத்தது. பிறகு நோயுற்றுப் பிழைத்தது. பிறகு காய்ச்சல் மட்டும் வந்தது. தொண்ணூறு முறை தாண்டியபோது மாட்டுக்கு எதுவுமே ஆகவில்லை. பிறகு அதே மாட்டுக்கு நிஜமான வெக்கைக் கிருமியைச் செலுத்தினால், அப்போதும் எதுவும் ஆகவில்லை.

இந்த வேலைக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1962-இல்தான் முடிவை வெளியிட்டார்கள். படிக்கும்போது எனக்கு வியப்பாக இருந்தது அந்தக் கண்டுபிடிப்பைவிட அதன் பின் நடந்த சோதனைகள்தான். ஊசி போட்ட மாட்டிலிருந்து பக்கத்து மாட்டுக்குக் கிருமி தொற்றுகிறதா? எளிதில் நோய்வாய்ப்படும் ரகங்களில் என்ன ஆகிறது? சினை மாட்டில்? கன்றில்? எதிர்ப்புச் சக்தி எத்தனை நாள் நிற்கிறது? கடைசிக் கேள்விக்கு விடை சொல்ல மாடுகளை ஆண்டுக்கணக்கில் நோய்படாமல் பாதுகாத்து வைத்திருந்து, பின்பு சோதிக்க வேண்டும். அதையும் செய்தார்கள். ஒரே ஓர் ஊசி, அந்த மாட்டின் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று தெரிந்தது.

தயாரிப்பிலும் அவர்களது ஒழுங்கு குறிப்பிடத்தக்கது. தினமும் உறை மாற்றிக்கொண்டே போனால் தயிரின் புளிப்பு மாறிப்போவது போல, கிருமியும் மாற்ற மாற்ற குணம் மாறும். அளவுக்கு மீறிப் பலவீனப்பட்டால் எதிர்ப்புச் சக்தி தராது. பழைய கொடூரம் திரும்பினால் அதைவிட ஆபத்து. எனவே நல்ல பதத்தில் இருந்த கிருமியை மொத்தமாக உலர்த்திப் பாதுகாத்து, அதை "வித்து" என்று வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறை மருந்து தயாரிக்கும்போதும் அந்த வித்திலிருந்துதான் தொடங்க வேண்டும், அதிலிருந்து சில தலைமுறைக்கு மேல் போகக் கூடாது. நம் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசிகளும் இதே முறையில்தான் தயாராகின்றன. அதன்பின் ஒவ்வொரு தொகுதியிலும் வேறு கிருமி கலந்திருக்கிறதா, வீரியம் சரியாக இருக்கிறதா, மாட்டுக்கு ஆபத்தில்லையா என்று சோதனை. தேறாவிட்டால் மொத்தமும் குப்பையில். தடுப்பூசித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவரின் வாழ்க்கையில் பெரும்பகுதி இந்தச் சோதனைகளில்தான் கழியும். புதிதாகக் கண்டுபிடிக்கும் நாட்கள் மிகக் குறைவு.

ஊசி இருந்தும் நோய் திரும்பி வந்தது

1962-இல் ஆப்பிரிக்காவில் பெரிய அளவில் ஊசி போடும் திட்டம் தொடங்கியது. 1976-இல் முடிந்தபோது நோய் கிட்டத்தட்ட மறைந்திருந்தது. "கிட்டத்தட்ட" என்ற சொல்தான் வினை. மாலி–மொரிட்டானியா எல்லையிலும் சூடான் பக்கமும் மூலைமுடுக்குகளில் கொஞ்சம் மிச்சமிருந்தது. வெற்றி கிடைத்துவிட்டதென்று ஊசி போடுவதைக் குறைத்தார்கள், பணம் வேறு வேலைக்குப் போனது. 1980-களின் தொடக்கத்தில் நோய் மீண்டும் பொங்கி, நைஜீரியா உட்பட நாடு நாடாக மந்தைகளை அழித்தது.

ப்ளோரைட்டின் ஊசிக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது வெயில் தாங்காது. தயாரித்த இடத்திலிருந்து மாட்டின் கழுத்து வரை குளிரிலேயே போக வேண்டும். சாலையே இல்லாத இடத்தில், மாடுகளோடு அலைந்து திரியும் மக்களிடம், ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எத்தனை தூரம் போக முடியும்? 1980-களின் இறுதியில் ஜெஃப்ரி மாரினர் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கிருமியை மாற்றாமல் உலர்த்தும் முறையை மாற்றினார். அந்த மருந்து குளிர்பெட்டி இல்லாமலே ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கியது. அதைவிடப் பெரிய மாற்றம், ஊசி போடும் வேலையை மேய்ப்பர்களிடமே கொடுத்தது. தெற்கு சூடானிலும், உகாண்டாவின் கரமோஜாவிலும், எத்தியோப்பியாவின் அஃபாரிலும் எழுதப் படிக்கத் தெரியாத மேய்ப்பர்கள் பயிற்சி பெற்றுத் தங்கள் இனத்தாரின் மாடுகளுக்குத் தாங்களே ஊசி போட்டார்கள். எந்த மாடு எப்படி இருமுகிறது, எங்கே நோய் ஒளிந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த அரசு அதிகாரிக்கும் தெரியாது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த பகுதிகளில்கூட நோய் அடங்கியது.

நம் மண்ணில்

இந்தியா 1950-களின் நடுவில் வெக்கை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஆட்டு ஊசி, பிறகு திசு வளர்ப்பு ஊசி. வடக்கில் நோய் ஒடுங்கிய பிறகும் தென்னிந்தியத் தீபகற்பத்தில் அது கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. 1992-இல் ஐரோப்பிய உதவியோடு புதிய வேகத்தில் வேலை நடந்தது. இந்தியாவின் கடைசி வெக்கை 1995-இல் பதிவானது. எங்கே தெரியுமா? தமிழ்நாட்டில், வட ஆற்காட்டுப் பகுதியில். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மருந்து தயாரித்த ராணிப்பேட்டையும் அதே வட ஆற்காட்டில்தான் இருக்கிறது.

அதன்பின் நடந்தது இன்னும் துணிச்சலான காரியம். நோய் ஒழிந்துவிட்டதென்று உலகுக்கு நிரூபிக்க வேண்டுமானால் ஊசி போடுவதை நிறுத்த வேண்டும். ஊசி போட்டுக்கொண்டே இருந்தால், இரத்தத்தில் தெரியும் எதிர்ப்புச் சக்தி ஊசியால் வந்ததா நோயால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாதே! நிறுத்திவிட்டு, ஆயிரக்கணக்கான கிராமங்களில் தேடி, இரத்தம் எடுத்துச் சோதித்து, நோய் இல்லை என்று காட்ட வேண்டும். 2006-இல் இந்தியா வெக்கைத் தொற்று அற்ற நாடென்று சான்றிதழ் பெற்றது.

இலங்கையின் கதை நம்மில் பலருக்கு நெருக்கமானது. அங்கே 1940-களின் பின் வெக்கை இல்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து 1987-இல் திரும்பி வந்தது. இந்திய அமைதிப்படையினரின் உணவுக்காகக் கடல்கடந்து கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்று கால்நடை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆடுகளில் இந்த நோய் அவ்வளவாக வெளியே தெரியாது. மாட்டுக்கும் எருமைக்கும் தொற்றிய பின்தான் தெரியும். வடக்கு கிழக்கில் அந்த நாட்களில் மாடு எருமை வைத்திருந்தவர்கள் போரில் இழந்தது போக இதிலும் இழந்தார்கள். 1994-க்குப் பின் இலங்கையில் நோய் இல்லை.

உலகின் கடைசி வெக்கை 2001-இல் கென்யாவில் காட்டெருமைகளிடம் காணப்பட்டது. ப்ளோரைட்டின் முகுகா இருந்த அதே நாடு. 2011 மே மாதம் பாரிசிலும், ஜூன் மாதம் ரோமிலும், வெக்கை உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவித்தார்கள். அதைக் கேட்க ப்ளோரைட் இல்லை. 2010 பிப்ரவரியில் தமது 86-ஆம் வயதில் காலமாகிவிட்டார்.

அவர் ஒரே நோயோடு நின்றவர் அல்ல. ஆப்பிரிக்காவில் மாசாய் மக்கள் தங்கள் மாடுகளைக் கன்று ஈனும் காலத்தில் வில்டபீஸ்ட் மான்களின் பக்கமே விடமாட்டார்கள். அந்த மான்களின் உடம்பில் தங்கியிருக்கும் கிருமி மாட்டுக்குத் தொற்றினால் கொன்றுவிடும் என்பதை 1960-இல் ப்ளோரைட் குழுவினர் அறிவியல்படி உறுதிப்படுத்தினார்கள். மேய்ப்பர்கள் சொன்னது சரிதான். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலின் கிருமி உண்ணிகளில் வாழ்வதையும் அவரது குழு காட்டியது. 1971-இல் லண்டனில் தாம் படித்த கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பினார். 1981-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1999-இல் உலக உணவுப் பரிசு. நோபல் பரிசு கிடைக்கவில்லை. மாட்டுக்கு நோபல் யார் தருவார்?

தட்டம்மைக்கும் இதற்கும் என்ன உறவு?

மருத்துவப் பக்கத்தில் மாட்டைப் பற்றி இவ்வளவு எழுதியதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. தட்டம்மை (மணல்வாரி என்றும், ஈழத்தில் சின்னமுத்து என்றும் சொல்வோம்) வெக்கைக் கிருமியின் மூதாதையிலிருந்து பிரிந்து மனிதனைப் பற்றிக்கொண்ட நோய். 1912-இல் பெர்லினில் தட்டம்மையால் இறந்த ஒரு குழந்தையின் நுரையீரலை அங்கே பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதிலிருந்த கிருமியின் மரபணுவை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பிரிவு கி.மு. ஆறாம் நூற்றாண்டு வாக்கிலேயே நடந்திருக்கலாம் என்கிறது. மாட்டைக் கட்டி மேய்த்த மனிதன் அதனிடமிருந்து பாலோடு அம்மையையும் வாங்கிக்கொண்டான்.

இரண்டு கிருமிகளும் குணத்திலும் ஒன்றுபோலவே. ஒரே ரகம்தான், ஆண்டுக்காண்டு உருமாறும் ஃப்ளூ போல அல்ல. ஒருமுறை எதிர்ப்புச் சக்தி வந்தால் ஆயுளுக்கும் நிற்கும். நோய் வந்து பிழைத்தவர் கிருமியைச் சுமந்துகொண்டு திரிவதில்லை. வெக்கையை ஒழிக்க முடிந்தது இந்தக் குணங்களால்தான். அப்படியானால் தட்டம்மையையும் ஒழித்திருக்க வேண்டுமே? 1963-இலிருந்து அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் தட்டம்மை வெக்கையைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவும். நோயாளி அறையைவிட்டுப் போன பின்னும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இரண்டு ஊசியும் போட்டிருந்தால்தான் அது அடங்கும். அதற்குக் கொஞ்சம் கீழே போனாலும் திரும்பி வந்துவிடும். 1998-இல் தட்டம்மை ஒழிந்ததாகப் பெருமைப்பட்ட கனடா, ஓராண்டுக்கு மேல் தொடர்ந்த பரவலால் 2025 நவம்பரில் அந்த நிலையை இழந்தது.

கன்றுகளில் ப்ளோரைட் கவனித்த ஒரு விஷயம் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் பொருந்தும். எதிர்ப்புச் சக்தியுள்ள தாயின் சீம்பாலைக் குடித்த கன்றுக்குச் சில மாதங்கள் வரை தடுப்பூசி பலிக்காது. தாய் கொடுத்த எதிர்ப்புப் பொருளே ஊசிக் கிருமியை அழித்துவிடும். மனிதக் குழந்தைக்கு அது கருவிலேயே தாயின் இரத்தத்திலிருந்து கிடைத்துவிடுகிறது. அதனால்தான் பெரும்பாலான மேலை நாடுகளில் முதல் தட்டம்மை ஊசியை ஒரு வயது முடிந்த பின் போடுகிறார்கள். நோய் அதிகமுள்ள நாடுகளில் ஒன்பது மாதத்திலேயே போடுவதற்குக் காரணம், அதுவரை காத்திருந்தால் குழந்தைக்கு நோய் முந்திக்கொள்ளும் என்பது.

கோடை விடுமுறைக்கும் கல்யாணத்துக்கும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆறு மாதம் முடிந்து ஒரு வயது நிறையாத குழந்தையோடு தட்டம்மை உள்ள நாடுகளுக்குப் பயணம் செய்வதானால், முன்கூட்டியே ஓர் ஊசி போடலாம் என்று அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. அந்த ஊசி கணக்கில் சேராது. ஒரு வயதுக்குப் பின் வழக்கமான இரண்டையும் போட்டே ஆக வேண்டும். டிக்கெட் எடுத்த கையோடு குடும்ப டாக்டரிடம் கேளுங்கள். ஊசி பலிக்க இரண்டு வாரமாவது வேண்டும் என்பதால், பெட்டி கட்டும்போது நினைவு வந்தால் போதாது. பெரியவர்களும் தமக்கு இரண்டு ஊசி போடப்பட்டதா என்று பார்ப்பது நல்லது. ஊரில் பிறந்து வளர்ந்த பலரிடம் எந்தச் சீட்டும் இருக்காது. தெரியாவிட்டால் மறுபடி போட்டுக்கொள்வதில் தீங்கில்லை என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் அதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஆடு

வெக்கைக்கு ஆடுகளில் ஒரு தம்பி உண்டு. பெயரே ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் அது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1987-இல், விழுப்புரம் பக்கம் அரசூரில். அந்த ஊர் ஆட்டிலிருந்து எடுத்த கிருமியைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தினர் ஒரு தடுப்பூசி உருவாக்கினார்கள். அதற்கு அரசூர் என்றே பெயர். முக்தேசரிலும் இன்னொன்று உருவானது. 2030-க்குள் இந்த நோயையும் உலகிலிருந்து ஒழிப்பதென்று 2015-இல் ஐ.நா. உணவு அமைப்பும் உலகக் கால்நடை அமைப்பும் இலக்கு வைத்தன. வெக்கையில் கற்ற அத்தனையும் இங்கே பயன்படுகிறது. ஆனால் மாட்டைவிட ஆடு வேகமாகக் குட்டி போடும், சீக்கிரம் விற்கப்படும், சந்தை சந்தையாக நகரும். ஒவ்வோர் ஆண்டும் ஊசி போடாத புதுக் குட்டிகள் மந்தையில் சேர்ந்துகொண்டே இருக்கும். வேலை கடினம்.

சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. ராணிப்பேட்டையில் இப்போதும் குடுவைகளில் செல்கள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. வெக்கைக் கிருமி மட்டும் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆய்வுக்கூடங்களில் பூட்டிய உறைபெட்டிகளுக்குள் இருக்கிறது. இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வு நிலையம் தன்னிடமிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குப்பிகளை, கிருமிகளின் மரபணுவைப் படித்துப் பதிந்துகொண்ட பிறகு, 2019-இல் அழித்தது.